காலி ஊசி

அந்த அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். வாசல் காவலாளி அவளைவிட வயதில் மூத்தவர். அவரும் "அண்ணி, குடையை மறந்துட்டீங்க" என்றுதான் கூப்பிடுவார். பிரிவின் பொறுப்பாளர் தலையில் முடியும் முகத்தில் கோபமும் இல்லாத மனிதர். கடிக்கிற கொசுவைக்கூட என்ன வகை என்று பார்த்துவிட்டுத்தான் அடிப்பார் என்று பெயர் வாங்கியவர். அவருக்கும் அவள் அண்ணி. இத்தனைக்கும் காரணம் ஒருத்திதான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நாளெல்லாம் வாய் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்ட நாத்தனார். அவளுக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் பாப்பா. முப்பத்தாறு வயதாகி, கல்யாணம் ஆகி, அது முறிந்து, ஒரு சூட்கேஸோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகும் பாப்பாதான். கடைக்குட்டிக்கு வயது ஏறுவதை எந்தக் குடும்பம் ஒப்புக்கொண்டிருக்கிறது?

இருவருடைய வேலையும் கேட்பதற்குச் சுலபம். அலமாரி அலமாரியாக வண்டுகள். கண்ணாடி மூடிய டிராயர்களில் ஒவ்வொரு வண்டும் ஓர் ஊசியில் நிற்கும். வண்டுக்குக் கீழே, அதே ஊசியில், நகத்தளவு லேபிள்: எந்த இடம், எந்த நாள், பிடித்தது யார். எழுதியவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணி இடுக்கியால் ஊசியைத் தூக்கி, லென்ஸில் லேபிளைப் பார்த்து உரக்கப் படிப்பாள். பாப்பா கம்ப்யூட்டரில் அடிப்பாள். சாயங்காலம் அன்றைய பதிவுகள் மொத்தத்தையும் அருங்காட்சியகத்தின் டேட்டாபேஸில் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு, எப்படிக் கழுவினாலும் போகாத அந்துருண்டை வாசனையைக் கழுவிவிட்டு, இருவரும் பஸ் பிடிப்பார்கள்.

ஒரே ஆள் ஒரே நாளில் ஒரே இடத்தில் பிடித்த வண்டுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் "ஆற்றங்கரை, பாலத்துக்கு வடக்கே, விளக்கு வெளிச்சத்தில்" என்று பாடிக்கொண்டிருந்தால் தொண்டை என்னத்துக்கு ஆகும்? அதற்காக அவர்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். மேலே படித்ததேதான் இதுவும் என்றால், அண்ணி இடுக்கியால் மேசையில் ஒரு முறை தட்டுவாள். பாப்பா ஒரு பட்டனை அழுத்துவாள். மேல் வரி அப்படியே கீழே இறங்கும். இரண்டு முறை தட்டினால் காலி ஊசி. லேபிள் இருக்கிறது, வண்டு இல்லை என்று அர்த்தம். செத்த பூச்சியைத் தின்பதற்கென்றே பிறந்த பூச்சி ஒன்று உண்டு. அது எப்போதோ டிராயருக்குள் புகுந்து, தின்று தீர்த்து, தூளை மட்டும் விட்டுப் போயிருக்கும். காலி ஊசியையும் விடாமல் பதிய வேண்டும் என்பது பொறுப்பாளர் போட்ட சட்டம். "இருந்தது, இப்ப இல்ல. அதுவும் ஒரு தகவல்தானே," என்பார்.

தட்டலில் இன்னொரு லாபமும் இருந்தது. வாய் சும்மா இருந்தது. அந்த இரண்டு வாய்கள் சும்மா இருக்குமா? கை தட்டும், விரல் அழுத்தும், வாய் பாட்டுக்கு வீட்டுக்கதை ஓடும்.

"அப்புறம் அவன் என்ன சொன்னான்?" டக்.

"சொல்றதுக்கு என்ன இருக்கு அண்ணி. பெட்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

டக். டக் டக். "காலி ஊசி. போய்த் தொலையறான் விடு."

பாப்பாவின் கல்யாணம் முறிந்த கதையை அண்ணி முழுசாகக் கேட்டது இப்படித்தான், வண்டுகளுக்கு நடுவில், பல வாரங்களாக. நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிந்தால் ஊர் கண் படாதா என்று காவலாளி கேட்பார்.

பாப்பாவுக்கு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததே அண்ணிதான். அண்ணி பழைய ஆள், நிரந்தரம். பாப்பாவுடையது ஒப்பந்த வேலை. வருஷக் கடைசியில் டைப் செய்கிற இடத்தை நிரந்தரமாக்கப் போகிறோம், அது பாப்பாவுக்குத்தான் என்று பொறுப்பாளர் வாய்விட்டே சொல்லியிருந்தார். அன்றிலிருந்து பாப்பாவுக்கு ஒரே நினைப்பு. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீடு, இரண்டு அறை, சமையலறை ஜன்னலில் காலை வெயில். வேலை நிரந்தரமான கையோடு வந்து சாவி வாங்கிக்கொள் என்று அந்த வீட்டம்மாள் சொல்லியிருந்தாள்.

"அண்ணன் வீட்டுல எனக்கு ஒரு குறையும் இல்ல அண்ணி. ஆனா உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கற மாதிரி ஒரு கதவு வேணும். என் கதவு."

அதைக் கேட்டு அண்ணிக்குக் கண் கலங்கிப் போய், அடுத்த லேபிளைப் படிக்க லென்ஸைத் துடைக்க வேண்டியிருந்தது. பொய்யில்லை, உண்மையாகவே கலங்கியது.

அண்ணிக்கும் தன் குறை என்று ஒன்று இருந்தது. மாமியாருக்கு முழங்கால் வலி. இனிமேல் மகன் வீட்டிலேயே வந்து இருந்துவிடுவதாகப் பேச்சு. ஒருநாள் தட்டலுக்கும் தட்டலுக்கும் இடையில் அண்ணி சொன்னாள்: "அந்த வீட்டுல எனக்குன்னு ஒரு நாற்காலிகூடக் கிடையாது பாப்பா. உங்கண்ணன் ஒண்ணு, பேப்பர் ஒண்ணு, துணி ஒண்ணு. உங்கம்மாவும் வந்துட்டா நான் மாடிப்படியிலதான் உக்காரணும்." இருவரும் சிரித்தார்கள். அண்ணி சிரிப்புக்குச் சொன்னதில் பாதி சிரிப்பு இல்லை. அதைப் பாப்பா கவனித்தாள். கவனித்ததுதான் வினை.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது, அண்ணி தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, பாப்பா அண்ணனிடம் சொன்னாள்: "அண்ணா, அம்மா வர்றதைக் கொஞ்சம் தள்ளிப் போடேன். அண்ணி பாவம். தனக்குன்னு ஒரு நாற்காலிகூட இல்லன்னு வருத்தப்படறாங்க."

அண்ணன்காரர் கை பாதியில் நின்றது. "அம்மாவுக்கு இங்க உக்கார இடமில்லன்னு சொன்னாளா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலண்ணா..."

சொன்னது ஒன்று, அவர் காதில் விழுந்தது ஒன்று, மறுநாள் போன் வழியாக மாமியாருக்குப் போய்ச் சேர்ந்தது மூன்றாவது ஒன்று. "நான் யாருக்கும் பாரமா வரலப்பா" என்று மாமியார் சொல்லிவிட்டாள். அண்ணியின் கணவர் வீட்டுப் பேச்சை 'உப்பு', 'தண்ணி' என்ற இரண்டு வார்த்தைக்குள் அடக்கிக்கொண்டார்.

"நல்லதுக்குன்னுதான் அண்ணி சொன்னேன்," என்று பஸ் நிறுத்தத்தில் பாப்பா அழுதாள்.

"நல்லதுக்கு! இந்த வாயைத் திறந்தா அது வீடு வரைக்கும் போகுதுல்ல? இனிமே உன்கிட்ட திறந்தா ஏன்னு கேளு."

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். அண்ணி நல்லவள். ஆனால் அவளுடைய கோபம் அடுப்புக்கோபம் இல்லை, பொங்கி அணைவதற்கு. அது சாம்பலுக்குள் கிடக்கிற கோபம். பஸ்ஸில் அவள் முன் சீட், பாப்பா பின் சீட். வேலைக்கு ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகத் திரும்பினார்கள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பேச்சு மட்டும் இல்லை.

ஆனால் லேபிளைப் படித்தாக வேண்டுமே! அங்கேதான் சிக்கல். புது லேபிள் வரும்போதெல்லாம் வாயைத் திறக்க வேண்டும்; திறந்தால் எதிரே இருப்பவள் பாப்பா. முதல் சில நாட்கள் அண்ணி சுவரைப் பார்த்துப் படித்தாள். "வடக்குக் குன்று, மாலை" என்று சுவருக்குச் சொன்னாள். பாப்பா ஒவ்வொரு வார்த்தைக்கும் முகத்தை நிமிர்த்தினாள், ஏதோ தன்னிடம் பேசிவிட்டதைப் போல. அந்த முகம் நிமிர்வதைப் பார்க்க அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வண்டைப் படிக்கிறேன், உன்னிடம் ஒன்றும் பேசவில்லை!

ஒருநாள் ஒரு லேபிள் வந்தது. முந்தியதே போலத்தான். இடம் அதே, ஆள் அதே, நாள் மட்டும் இரண்டு நாள் தள்ளி. அண்ணி வாயைத் திறக்கப் போனாள். பாப்பாவின் முகம் நிமிரத் தொடங்கியது. அண்ணி இடுக்கியால் தட்டினாள். டக்.

இரண்டு நாளில் வண்டுக்கு என்ன குடிமுழுகிப் போகும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை மிச்சம். அப்புறம் பாலத்துக்குத் தெற்கே ஒன்று வந்தது. பாலத்தின் இந்தப் பக்கம் இல்லாவிட்டால் அந்தப் பக்கம். டக். பின்னே ஆறே இல்லாத இடம் வந்தது. அதற்கும் டக். முதல் படி இறங்குவதுதான் கஷ்டம், மற்ற படிகள் தாமாக இறங்கிக்கொள்ளும். வாரக்கணக்கில் அண்ணி அந்த வண்டுகளை லென்ஸில் பார்த்தாள், லேபிளையும் பார்த்தாள், படித்துப் புரிந்தும்கொண்டாள். எப்போதாவது ஒன்றைச் சுவருக்கு முணுமுணுத்ததோடு சரி, மற்றபடி வாயைத் திறக்கவில்லை. ஒருத்தியிடம் பேசக்கூடாது என்பதற்காக டிராயர் டிராயராக உலகத்தையே ஓர் ஆற்றங்கரையில் கொண்டுவந்து கொட்டினாள்.

வேகம் கூடியது. கூடாமல்? பொறுப்பாளர் வந்து கைதட்டாத குறை. "முன்னெல்லாம் ஒரு டிராயருக்கு ரெண்டு நாள் ஆகும். இப்ப என்ன மாயம் பண்றீங்க?"

பாப்பாதான் பதில் சொன்னாள். "அந்தக் காலத்து ஆளு ஒருத்தர் ஒரே சாயங்காலத்துல அள்ளிக் குவிச்சிருக்கார் சார். சாப்பிட்டாரோ இல்லையோ, பாவம்."

பொறுப்பாளர் சிரித்தார். அண்ணிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. சரிசெய்துவிடலாம், இந்த டிராயர் முடியட்டும் என்று நினைத்தாள். அந்த டிராயரும் முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. இதற்கிடையில் பாப்பா தினமும் டீயை அண்ணியின் வலது கைப்பக்கம் கொண்டுவந்து வைத்தாள், இடது பக்கம் வைத்தால் டிராயரில் கொட்டிவிடும் என்று. அண்ணி குடித்தாள், நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

வருஷக் கடைசி நெருங்கியபோது மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். அவர்களுக்குக் காட்டப் பொறுப்பாளர் பதிவுகளை எல்லாம் வரைபடத்தில் போட்டார். ஒரு வண்டுக்கு ஒரு புள்ளி. நாடெங்கும் தூவிக் கிடக்க வேண்டிய புள்ளிகள் ஓர் ஆற்றங்கரையில் கட்டி கட்டியாகத் திரண்டு நின்றன. பொறுப்பாளர் வந்தவர்களை வழியனுப்பிவிட்டு வந்து, நான்கு டிராயர்களை இழுத்து, லேபிள்களைத் தானே பார்த்தார். பிறகு இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"லேபிள்ல ஒண்ணு இருக்கு, பதிவுல வேற இருக்கு. எப்படி இது?"

அண்ணி வாயைத் திறக்கும் முன்னால் பாப்பா முந்திக்கொண்டாள்.

"என் தப்புதான் சார். கொஞ்ச நாளா மனசு சரியில்ல. அண்ணி படிச்சதைக் காதுல வாங்காம அந்தப் பட்டனையே அழுத்திக்கிட்டு இருந்திருக்கேன் போல."

பொறுப்பாளர் அண்ணி பக்கம் திரும்பினார். குரலில் கேள்விகூட இல்லை. அண்ணி படித்தால் தப்பாது என்பது அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. "நீங்க சரியாத்தானே படிச்சீங்க அண்ணி?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அண்ணிக்கு அது தெரியும். நாற்காலி, மாமியார், கணவரின் 'உப்பு', 'தண்ணி', இத்தனை வருஷத்து நல்ல பெயர் எல்லாம் அந்த ஒரு நொடியில் முன்னால் வந்து நின்றன. நாளைக்குத் தனியாக வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆமாம் என்பதுபோல் தலை ஒரு முறை அசைந்தது.

அந்த நாளை வரவில்லை. ஒவ்வொரு காலையும் சொல்லிவிடுவது என்று புறப்படுவாள். ஒவ்வொரு சாயங்காலமும் நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்று திரும்புவாள். மாசக் கடைசியில் பாப்பாவின் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. நிரந்தரமாக்க வைத்திருந்த இடத்தை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாடி வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்து, ஜன்னலில் நீலத் திரை தொங்கியது. பஸ்ஸில் அதைக் கடக்கும்போது பாப்பா வேறு பக்கம் பார்த்தாள். அண்ணி அவளைப் பார்த்தாள்.

பாப்பா அம்மாவிடமே போய்விடுவதாகச் சொன்னாள். "அம்மாவுக்கும் முழங்கால் முடியல. அங்க ஆள் வேணும்." அதே சூட்கேஸ். அண்ணன் டிக்கெட் வாங்கப் போனபோது, பஸ் நிலையத்து பெஞ்சில் நாத்தனாரும் அண்ணியும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு நின்ற பிறகு இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது அன்றுதான்.

"என்மேல இன்னும் கோவமா அண்ணி?"

அண்ணி இல்லை என்று தலையசைத்தாள். அழுகை முட்டியது.

"எனக்கு ஒரே ஒரு ஆறுதல்," என்றாள் பாப்பா. "வீட்டுச் சண்டையை நீங்க மேசைக்குக் கொண்டுவரல. பேசலன்னாலும் ஒழுங்காத் தட்டினீங்க. அந்தத் தட்டற சத்தம் கேட்டா, சரி, அண்ணி இன்னும் நம்மளோடதான் இருக்காங்கன்னு நினைச்சுக்குவேன். அதைக் கேட்டுக்கிட்டே கோட்டை விட்டுட்டேன் பாருங்க, நான் ஒரு மண்டு."

பஸ் வந்தது. அண்ணி அவளுடைய சூட்கேஸை ஏற்றிவிட்டாள், ஜன்னல் பக்கம் நின்று கையை ஆட்டினாள், பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் நின்றாள். சொல்லவில்லை. கணவர் "போலாமா" என்று கேட்ட பிறகுதான் அவளுக்குத் தன் வாய் லேசாகத் திறந்தே இருந்தது தெரிந்தது.

வீட்டில் இப்போது நாற்காலிக்குப் பஞ்சமில்லை. மாமியாரும் வரவில்லை, நாத்தனாரும் இல்லை. எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் உட்காரலாம். அண்ணி மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரமே பொறுப்பாளரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தட்டும் வழக்கம், சண்டை, சுவரைப் பார்த்துப் படித்தது, ஒன்று விடாமல். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டத் தெரியாத மனிதர்.

"ஒரு மாசம் முந்தி சொல்லியிருந்தா அந்த இடத்தைக் காப்பாத்தியிருப்பேன். இப்ப என் கையில ஒண்ணும் இல்ல." பிறகு கேட்டார்: "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

அந்த டிராயர்கள் எல்லாவற்றையும் திரும்பவும் பதிகிற வேலை அண்ணிக்கே வந்தது. துணைக்கு ஆள் இல்லை. படித்துவிட்டு, எழுந்து மேசையைச் சுற்றிப் போய், பாப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து அடித்துவிட்டு, மறுபடி சுற்றி வந்து அடுத்த ஊசியை எடுப்பாள். மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, ஒருநாள், போனை எடுத்தாள்.

"அண்ணி! நீங்களா? நீங்களாவே கூப்பிடறீங்களா?" பாப்பாவின் குரல் துள்ளியது. "இருங்க, இருங்க, வெளியில வந்துடறேன். வண்டெல்லாம் எப்படி இருக்கு? அந்த டிராயரெல்லாம் சரி பண்ணியாச்சா? என்னால உங்களுக்கு ரெட்டை வேலை."

"பாப்பா, நான் சொல்றதை முழுசாக் கேளு. நீ தப்பா அடிக்கல."

"அட, விடுங்க அண்ணி, அதெல்லாம்..."

"நீ தப்பா அடிக்கல. நான்தான் தட்டினேன். லேபிள் எல்லாம் வேற வேறயாத்தான் இருந்துச்சு. படிச்சேன், தெரிஞ்சுதான் தட்டினேன். உன்கிட்ட பேசக்கூடாதுன்னு தட்டினேன். சார் கேட்டப்பவும் வாயைத் திறக்கல. பஸ் நிலையத்துலயும் திறக்கல."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. தூரத்தில் மாமியாரின் குரல் "யாரு பாப்பா போன்ல?" என்று கேட்டது. மூச்சு மட்டும் கேட்டது.

"பாப்பா, ஏதாவது சொல்லு. திட்டு. திட்டிடு என்னை."

அந்த மேசையில் பாப்பா ஒரு நாளும் தட்டியதில்லை. தட்டுகிறவள் அண்ணி, கேட்டு அடிக்கிறவள் அவள். இப்போது போனின் மேல் நகம் படுகிற சத்தம் கேட்டது. டக். ஒன்றோடு நிற்குமா என்று அண்ணி காத்திருந்தாள். டக். அவ்வளவுதான். போன் அணைந்தது.

அண்ணி போனைக் காதிலிருந்து எடுக்காமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். காவலாளி "என்ன அண்ணி, சாப்பிடலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் போனை வைத்துவிட்டு இடுக்கியை எடுத்தாள். அடுத்த ஊசியின் லேபிள் முந்தியதைப் போலவே இருந்தது. இடம், நாள், ஆள் எல்லாம் அதே. லென்ஸில் மறுபடி ஒரு முறை பார்த்தாள். பிறகு எதிரே இருந்த வெறும் நாற்காலியைப் பார்த்து, ஒரு வார்த்தை விடாமல், உரக்கப் படித்தாள்.